ரொசாரியோவின் சோளப் பானை

துளசி, கபிலன், இரண்டு பேருக்கும் அப்பா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது துளசி கேட்டாள்: "அப்பா, உங்கட போஸ், அந்த மெக்சிகோ அன்ரி, எப்பிடி அந்த பிஸ்னஸைக் கொண்டு நடத்தினவ?" நான், "கஷ்டப்பட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன். அது ஒரு பதிலே இல்லை என்று எனக்கே தெரியும். அம்மாவும் குசினிக்குள் நின்றபடி, "இத்தனை வருசம் அங்கை நிண்டுபோட்டு, பிள்ளைக்குச் சொல்ல இவ்வளவுதான் இருக்கோ?" என்றாள்.

துளசி ஏன் கேட்டாள் என்று தெரியும். ஒபிஸ் வேலையை விட்டுவிட்டு எங்கள் வறுத்த மிளகாய்த்தூளைப் போத்தலில் அடைத்து விற்கப்போகிறாள். வியாபார ஆலோசனை சொல்லும் யாரோ ஒருவர், யாழ்ப்பாணம் என்ற பெயர் வேண்டாம், இவ்வளவு வறுக்கவும் வேண்டாம், மணம் கூடிப்போச்சு என்று சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். அதே முகத்தை நான் முன்பு இன்னொருவரிடம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். வசனம் நேராக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். துளசி வாசித்துக் கபிலனுக்குச் சொல்லட்டும். அவன் "டூ லோங், அப்பா" என்றாலும் பாதியில் நிறுத்தவேண்டாம். கடைசியில்தான் விஷயம் இருக்கிறது.

ஒக்லாந்துக்கு வந்த புதிதில் நான் பார்த்த வேலைகள் உங்களுக்கு அரைகுறையாக நினைவிருக்கும். கோழி வெட்டும் இடம். பிறகு ஒரு கிடங்கு. பிறகு த்ரீ கிங்ஸில் ஒரு கடையின் பின்பக்கம் பெட்டி அடுக்கியது. எல்லா இடத்திலும் என் சட்டையில் "ரே" என்றுதான் பெயர் குத்தியிருந்தது. நானும் ஒன்றும் சொல்லவில்லை. சம்பளம் ராசரத்தினத்தின் கணக்குக்குத்தானே வந்தது.

கடை ஆட்களைக் குறைத்தபோது, கிளென் ஈடனில் கார் தகரம் தட்டும் கராஜுக்குப் பின்னால் ஒரு பெண் ரொட்டி செய்கிறார், பாரம் தூக்க ஆள் தேடுகிறார் என்று ரயிலில் ஒருவர் சொன்னார். போனேன். சின்ன உருவம். என்னைவிட வயது குறைவு. தலையில் வலை, காலில் வெள்ளை ரப்பர்க் கம்பூட்ஸ், கை இரண்டிலும் மாவு. மெக்சிகோவின் தெற்குப் பக்கம் ஊர். இந்த நாட்டுக்கு ஆங்கிலம் படிக்க வந்து, அலுவலகங்களைக் கூட்டித் துடைத்து, சனிக்கிழமைச் சந்தையில் மேசை போட்டு, அப்படியே அந்தக் கட்டடம்வரை வந்தவர்.

எங்கள் பேச்செல்லாம் உடைந்த ஆங்கிலத்தில்தான். ஆனால் என் காதில் அது எங்கள் பேச்சாகவே நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"பெயர் என்ன?"

"ரே."

"அது கடதாசியிலை கிடக்கு. உங்கட அம்மா என்ன பெயர் வைச்சவ?"

"ராசரத்தினம்."

வாய்க்குள் ஒருதரம் உருட்டிப் பார்த்தார். அதுவரை இந்த நாட்டில் எந்த முதலாளியும் சொல்லாத மாதிரி, நாக்கு நன்றாக உருண்டு, முழுதாகச் சொன்னார். "டொன் ராசரத்தினம்." டொன் என்பது மூத்த ஆண்களுக்கு அவர்கள் மரியாதையாகப் போடுவது, நாங்கள் ஐயா என்பதுபோல.

பக்கத்தில் அடுக்கியிருந்த பொதிகளில் "ரோஸியின் மெல்லிய ரொட்டி" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. "ரோஸி ஆர்?" என்று கேட்டேன்.

"நான்தான். கடைக்காரருக்கு ரோஸி. இந்தக் கதவுக்கு உள்ளுக்கை ரொசாரியோ."

கதவுக்குப் பக்கத்தில் ஒரு சுவர்ப் பலகையில் பீங்கான் பீரிசு ஒன்று, கோப்பைக்குக் கீழே வைக்கிற சின்னத் தட்டு, இருக்கும். உணவு செய்யும் இடத்தில் நகை கூடாது அல்லவா, உள்ளே வருகிறவர்கள் அதில் கழற்றி வைக்கவேண்டும். ரொசாரியோ தினமும் காலையில் இரண்டு பெரிய தங்கத் தோட்டைக் கழற்றி வைப்பார். கம்பி கம்பியாக இழைத்த, அவருடைய ஊர் வேலை. எங்கள் சிமிக்கியைத் தட்டையாக்கினதுபோல இருக்கும். கடைக்காரரைப் பார்க்கப் போகிற நாளில் மட்டும் அதைப் போடமாட்டார். சின்ன முத்து இரண்டைப் போட்டுக்கொண்டு போவார்.

இனி வேலை. அவர்களுடைய ரொட்டிக்கு டோர்ட்டியா என்று பெயர். காய்ந்த சோளத்தைப் பெரிய பானையில் தண்ணீரோடும் சுண்ணாம்போடும் மாலையில் அடுப்பேற்ற வேண்டும். வெற்றிலைக்குப் போடுகிறோமே, அதே சுண்ணாம்புதான், உணவுக்கென்று சுத்தமாகத் தூளாக வரும். வேகவிடக் கூடாது. ஒரு மணியை எடுத்து விரலுக்கிடையில் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும், உள்ளே கடினமாக இருக்கவேண்டும். அந்தப் பதத்தில் அடுப்பை நிறுத்தி மூடிவிட்டுப் போய்விடுவோம். விடியும்வரை ஊறும். காலையில் கழுவி, கருங்கல் ஆலையில் அரைத்து, தட்டி, சூடான தகட்டில் ஓடவிட்டால் பூரிபோல ஒருதரம் உப்பி அடங்கும். அந்தச் சுண்ணாம்பும் சோளமும் சேர்ந்த மணம் சட்டையை விட்டுப் போகாது. "வெத்திலைக் கடையே நடத்திறியள்?" என்று அம்மா என்னை வாசலிலேயே நிறுத்திக் கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

முதல் கிழமை கழுவுகிற வேலையை என்னிடம் விட்டார்கள். நான் தண்ணீர் தெளியும்வரை, எங்கள் வீட்டில் அரிசி களைகிற மாதிரி, தேய்த்துத் தேய்த்துக் கழுவி, பளிச்சென்று கொடுத்தேன். மாவு ஒட்டவே இல்லை. தட்டின ரொட்டியெல்லாம் ஓரம் வெடித்துப் போனது. ரொசாரியோ வந்து சோளத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். "டொன் ராசரத்தினம், இது சோறில்லை! அந்தத் தோலிலைதான் பசை கிடக்கு. கொஞ்ச ஊத்தையோட விடுங்கோ!" அதற்குப் பிறகு பல காலம் நான் கழுவும்போதெல்லாம் யாராவது ஒருவர், "அரிசி எப்பிடி?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. ஒரு பானை பிழையாகிவிட்டால், சூடாக ஒரு டோர்ட்டியாவை எடுத்து, உப்புத் தூவி, சுருட்டி, பிழைவிட்டவரின் கையில் கொடுப்பார். நாம் சாப்பிட்டு முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு போய்விடுவார். ஏச்சு வாங்கியிருந்தால் பரவாயில்லை என்று இருக்கும். நன்றாக வந்த நாளிலும் அதே உப்பு, அதே சுருட்டல்தான். அப்போது தானும் ஒன்று சாப்பிடுவார்.

எல்லாம் எங்களிடம் விட்டாலும், சுண்ணாம்பை மட்டும் யாரும் தொடக்கூடாது. அது அவருடைய கை. மாலையில் நான் போய், "நாளைக்கு எவ்வளவு ஊறப் போடுறது?" என்று கேட்பேன். சொல்லுவார். நான் சோளமும் தண்ணீரும் போட்டு அடுப்பைப் பற்றவைப்பேன். அவர் வந்து சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுவார். ஒவ்வொரு மாலையும் இப்படித்தான்.

பாவோலாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சிலி நாட்டுப் பெண், அங்கே பொறியியல் படித்து ஆலையில் அதிகாரியாக இருந்தவர். இங்கே அந்தப் படிப்பை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, ரொசாரியோவிடம் பொதி ஒட்ட வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே உணவுப் பாதுகாப்புப் பத்திரங்கள் எல்லாம் அவர் பொறுப்பாகிவிட்டன. ரொசாரியோ போடும் சுண்ணாம்பையும் தராசில் வைத்து அளவு எழுதினவர் அவர்தான். இரண்டு பெண்களும் ஸ்பானிய மொழியில் கதைக்கத் தொடங்கினால் சண்டையா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலும் இரண்டும்தான்.

எங்கள் கட்டடம் விலைப்பட்டது. புதிதாக வாங்கினவருக்கு நாங்கள் வேண்டாம். வெஸ்ட்கேட் பக்கம் ஒரு நல்ல இடம் இருந்தது. ஆனால் அதற்குக் கையெழுத்து வைக்க, எங்களிடம் பெரிய, நிலையான ஓடர் ஒன்று இருக்கவேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கடைத்தொகுதியிலிருந்து கூப்பிட்டார்கள். ஒக்லாந்து முழுக்க அவர்களுடைய கிளைகளில் எங்கள் ரொட்டியை வைக்கத் தயார். ஒரு நிபந்தனை. முழுச் சோளத்தை ஊறவைத்துச் செய்வது வேண்டாம், பொதியில் வரும் தயார் மாவில் செய்யவேண்டும். அது மெத்தென்று இருக்கும், வெள்ளையாக இருக்கும், கனநாள் கெடாது, மணம் இல்லை. பெயர் ரோஸி அப்படியே இருக்கலாம், அது அவர்களுக்கு நல்லாய்ப் பிடித்திருந்தது.

ரொசாரியோ ஓம் என்றால் வெஸ்ட்கேட், எல்லாருக்கும் வேலை. இல்லை என்றால் இடமும் இல்லை, எங்களில் பலருக்கு வேலையும் இல்லை. அந்த வயதில் எனக்கு வேறெங்கும் புது வேலை கிடைத்திராது. இது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

மாதிரிக்குத் தயார் மாவு மூட்டைகள் வந்தன. செய்து பார்த்தோம். வட்டம் வட்டமாக, ஒரு மாசு மறு இல்லாமல் வந்தது. ரொசாரியோ வழக்கம்போல உப்புத் தூவிச் சுருட்டி எல்லார் கையிலும் கொடுத்தார். அன்று அவர் தனக்கென்று ஒன்றும் எடுக்கவில்லை.

பாவோலாதான் வாய் திறந்தார். "ரொசாரியோ, இதிலை என்ன குறை? மெக்சிகோவிலையே பாதிப்பேர் மாவிலைதான் செய்யினம்."

"செய்யட்டும்."

"அப்ப உமக்கு மட்டும் என்ன?"

"எனக்கு மற்றது செய்யத் தெரியும், பாவோலா. அதுதான் கரைச்சல்."

"நான் இஞ்சினியர். தலையிலை வலை போட்டுக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டுறன். உம்மட சோளத்துக்காக என்ரை பிள்ளையின்ரை வாடகையை நான் ஆரிட்டைக் கேக்கிறது? இந்தா நிக்கிறார் டொன் ராசரத்தினம், இவருக்கு இரண்டு பிள்ளையள். கேளும் அவரை."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான், "தகடு கருகுது" என்று சொல்லிவிட்டு அங்கால் போனேன். உண்மையிலேயே கருகினதுதான்.

அந்த வியாழக்கிழமை கடைத்தொகுதியின் அலுவலகத்துக்குப் போனோம். டோர்ட்டியாவைச் சூடு ஆறாமல் வைக்கும் பெட்டியைத் தூக்க நானும் போனேன். ரொசாரியோ முத்துத் தோடு போடவில்லை, அந்தப் பெரிய தோட்டைப் போட்டிருந்தார். காரில் ஏறும்போதே கவனித்தேன்.

அங்கே சாமான்களைத் தெரிவு செய்யும் பொறுப்பில் ஹேலி என்று ஒரு பெண்பிள்ளை, துளசியின் இப்போதைய வயது இருக்கும். அவரோடு இன்னொரு ஆள். ரொசாரியோ இரண்டு துணிப் பொட்டலங்களையும் மேசையில் வைத்தார். ஒன்றில் மாவில் செய்தது, மற்றதில் சோளத்தில் செய்தது. பிறகு கதைக்கத் தொடங்கினார். "முதல் ஒண்டு சொல்லவேணும். என்ரை பெயர் ரோஸி இல்லை, ரொசாரியோ. இதுக்குப் பெயர் ரொட்டி இல்லை, டோர்ட்டியா." அப்படியே தன் ஊர், சுண்ணாம்பு, சோளம் என்று போய்க்கொண்டிருந்தது. நன்றாகத்தான் கதைத்தார். ஆனால் எனக்குக் கண்ணெல்லாம் அந்தப் பொட்டலத்தில்தான். ஆறினால் சோள டோர்ட்டியா விறைத்துவிடும். பொறுக்க முடியாமல் நடுவில், "ஆறப்போகுது. முதல் சாப்பிடுங்கோ, பிறகு கதைக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ரொசாரியோவும்தான்.

சாப்பிட்டார்கள். ஹேலி சோளத்தில் செய்ததை இரண்டாம் தரமும் எடுத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நேராகச் சொன்னார்: "நான் எண்டா இதைத்தான் வீட்டை கொண்டு போவன். ஆனா கடையிலை மற்றதைத்தான் வைப்பன். இது இரண்டு நாளிலை காய்ஞ்சுபோம். மணத்துக்கே ஆக்கள் திருப்பிக் கொண்டு வருவினம். திங்கக்கிழமைக்குள்ளை சொல்லுங்கோ, ரொசாரியோ." பெயரைச் சரியாகச் சொல்ல முயன்றார். அவரில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது ரொசாரியோதான் காரை ஓட்டினார். சிவப்பு விளக்கில் நின்றபோது தோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். கிளென் ஈடனில் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தினார். பாவோலாவும் மற்றவர்களும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் பழக்கத்தில் கேட்டேன். "நாளைக்கு எவ்வளவு ஊறப் போடுறது?"

"தெரியேல்லை, டொன் ராசரத்தினம்" என்றார். "மாவு மூட்டை கிடக்குத்தானே. வீட்டை போங்கோ."

கார் போய்விட்டது.

அடுத்த நாள் காலை நான் போனபோது ரொசாரியோ பானைக்குப் பக்கத்தில் நின்றார். மூடி திறந்திருந்தது. உள்ளே சோளம் ஊறியிருந்தது, மஞ்சள் நிறமாக. ஒரு மணியை எடுத்துத் தேய்த்தார். தோல் வழுக்கி வந்தது. பாவோலாவைத் திரும்பிப் பார்த்தார். பாவோலா பானையைப் பார்த்துவிட்டு, ரொசாரியோவைப் பார்த்துவிட்டு, தலையில் வலையை மாட்டினார். ரொசாரியோ கதவடிக்குப் போய்த் தோட்டைக் கழற்றிப் பீரிசில் வைத்துவிட்டு வந்து, "அரைக்கிற கல்லை ஓடவிடுங்கோ" என்றார்.

திங்கட்கிழமை ஹேலிக்குப் போன் எடுத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இனி வந்ததை மறைக்காமல் சொல்லவேண்டும். வெஸ்ட்கேட் கைவிட்டுப் போனது. ஒரு தேவாலய மண்டபத்தின் குசினியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, உணவகங்களுக்கும் சந்தைக்கும் மட்டும் செய்தோம். பலபேர் வேலையை விட்டுப் போனார்கள். என்னுடைய நேரம் பாதியானது, அம்மா இன்னொரு இடத்தில் துப்புரவு வேலைக்குப் போகத் தொடங்கினாள். கபிலன், அந்த வருசம் பள்ளிக்கூட முகாமுக்கு உன்னை ஏன் அனுப்பவில்லை என்று நீ அழுதாய். இதுதான் காரணம்.

பாவோலா போய்விட்டார். போனதோடு நிற்கவில்லை. ஹேலியிடமே போய், அந்த மாவு ஓடரைத் தானே எடுத்துக்கொண்டார். கேள்விப்பட்டதும் எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் ரொசாரியோ, எங்கள் பழைய தட்டும் இயந்திரத்தை என் கையாலேயே வான் வண்டியில் ஏற்றி அவருக்கு அனுப்பினார்.

"ஏன் குடுக்கிறியள்?" என்று கேட்டேன்.

"அண்டைக்குச் சோளத்தை ஊறப் போட்டவ ஆர் எண்டு நினைக்கிறியள்? சுண்ணாம்பின்ரை அளவு அவவுக்கு மட்டும்தான் தெரியும். தனக்கு விருப்பமில்லாமலே எனக்காகப் போட்டிட்டுப் போனவ. அப்பிடிப்பட்டவளோட நான் கோபிக்கேலுமோ?"

நான் வான் வண்டியின் கதவைச் சாத்தினேன்.

பாவோலா வீட்டில் இயந்திரத்தை இறக்கும்போது அவர் சொன்னார்: "அவ எனக்கு இதை ஏன் தாறா எண்டு விளங்கேல்லை. முதல் நாள் பின்னேரமே தானே சுண்ணாம்பு போட்டு வைச்சிட்டு, அண்டைக்குக் காலமை ஒரு சொல்லும் பேசாமல் என்னைப் பாத்தா பாருங்கோ. இவ இனி மாறமாட்டா எண்டு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. கோவம்தான். பொறாமையும்தான்."

நான், "இதை எங்கை வைக்கிறது?" என்று கேட்டேன்.

இப்போது பாவோலாவின் ஆலை ரொசாரியோவினுடையதைவிடப் பெரியது. மாவு ரொட்டியில் வந்த வருமானத்தில், தன் நாட்டு முறையில் வெங்காயமும் இறைச்சியும் வைத்துச் சுடும் எம்பனாடாவைத் தொடங்கினார், அதில் தன் முழுப் பெயரையும் போட்டிருக்கிறார். செப்ரெம்பரில் சிலியின் தேசிய நாளுக்கு ஆலையை மூடிவிட்டு எல்லாரையும் ஆடவைக்கிறார். ரொசாரியோ சந்தையும் உணவகமுமாக மெல்ல மெல்ல ஏறி, பிந்தினாலும் வெஸ்ட்கேட்டுக்கே வந்து சேர்ந்தார். கொலம்பியா, பெரு என்று பல நாட்டுப் பெண்கள் அவரிடம் வேலை பழகுகிறார்கள். பொதியில் "ரொசாரியோ டோர்ட்டியா" என்று இருக்கிறது. கீழே சோளம், தண்ணீர், சுண்ணாம்பு, அவ்வளவுதான். நான் ஓய்வு பெற்ற நாளில் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, "அரிசி எப்பிடி, டொன் ராசரத்தினம்?" என்று கேட்டு என்னை எல்லாருக்கும் முன்னால் சிரிக்கவைத்தார்கள்.

துளசி, இவர்களில் யார் செய்தது சரி என்று என்னைக் கேட்காதே. எனக்குச் சொல்லத் தெரியாது. மிளகாய்த்தூளை எவ்வளவு வறுப்பது என்பது உன் கை.

அந்த வியாழக்கிழமை மாலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். இதை அம்மாவுக்கும் சொன்னதில்லை. நீங்களும் வெளியே சொல்லவேண்டாம். அவர்கள் இரண்டு பேரும் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

ரொசாரியோவின் கார் போனபிறகு ரயில் நிலையத்துக்கு நடந்தேன். மேடையில் நின்றேன். மறுநாள் உணவகங்களுக்குக் கொடுக்கவேண்டியது நினைவில் வந்தது. அவர் காலையில் வந்து மூடியைத் திறக்கும்போது பானை வெறுமையாகக் கிடந்தால், பக்கத்தில் கிடக்கிற மூட்டையைத்தான் பிரிப்பார். ஒருதரம் பிரித்தால் பிறகு அதுதான். பாவோலா சொன்ன வாடகையும் நினைவில் வந்தது. நீங்கள் இரண்டு பேரும் நினைவில் வந்தீர்கள். ரயில் வந்தது. நான் ஏறவில்லை.

திரும்பிப் போய் என்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தேன். மோதிரத்தைக் கழற்றிப் பீரிசில் வைத்தேன். சோளத்தைக் கொட்டி, தண்ணீர் விட்டு, அடுப்பைப் பற்றவைத்தேன். சுண்ணாம்பு டின்னை அதற்குமுன் நான் தொட்டதே இல்லை. பாவோலாவின் அளவு எனக்குத் தெரியாது. ரொசாரியோவின் கை அள்ளுவதை அத்தனை மாலைகள் பார்த்திருக்கிறேன். என் கை அவருடையதைவிடப் பெரியது, அதனால் கொஞ்சம் குறைத்து அள்ளினேன். கரைத்து ஊற்றினேன். சோளம் மஞ்சள் பூசினதுபோல நிறம் மாறியது. பக்கத்திலேயே நின்று, ஒரு மணியை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். வரவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. தோல் வழுக்கிக்கொண்டு வந்தது.

அடுப்பை நிறுத்தி, பானையை மூடினேன். கையைக் கழுவி, மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.